நாவலில் காணாமல் போன தலைமையாசிரியர்

அச்சகத்தில் அவளை எல்லாரும் 'ஒற்று அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக அங்கே புரூஃப் பார்க்கிறாள். விட்டுப்போன ஒற்றைச் சேர்ப்பதும் கால் இல்லாத எழுத்துக்குக் கால் போடுவதும்தான் வேலை. அதற்கு மேல் மூக்கை நுழைத்ததில்லை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் நாவல் மேசைக்கு வரும்வரை.

அந்த நாவலில் யார் வாயைத் திறந்தாலும் தலைமையாசிரியர்தான் பேசினார். திருடன் பூட்டை உடைக்குமுன் நேர்மையைப் பற்றி நாலு பக்கம் பேசினான். பால் குடிக்கும் குழந்தை 'ஆகவே' என்றது. பேருந்து நிலையத்தில் காதலர்கள் பிரியும் இடத்தில் அக்காவே பேனாவை வைத்துவிட்டுப் படித்தாள். அடுத்த வரியில் ஆசிரியர் ஆஜர்: 'வாசகரே! பேருந்துகள் ஏன் நேரத்துக்கு வருவதில்லை, தெரியுமா?'

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பத்தியை அடித்தாள். அப்புறம் கை நிற்கவில்லை. நானூறு பக்கம் நூற்றெண்பது ஆயிற்று. பிரிவுக் காட்சி மொட்டையாக நின்றதால், 'அவனுடைய பெட்டியை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை' என்று தானே ஒரு வரி எழுதிச் சேர்த்தாள்.

திருத்திய பிரதியைத் தலைமையாசிரியர் பிரிக்கவே இல்லை. "நான் எழுதினதை நானே படிக்கணுமா?" என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிட்டார்.

புத்தகம் வந்ததும் பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்து ஆடின. 'ஆசிரியர் எங்குமே தலைகாட்டவில்லை! அந்தப் பெட்டி வரி ஒன்று போதும்!'

மறுநாள் தலைமையாசிரியர் மனைவியோடு அச்சகத்துக்கே வந்துவிட்டார். அக்கா எழுந்து நின்றாள்.

"என் புத்தகத்துல நான் எங்கம்மா?"

"உள்ளதான் சார் இருக்கீங்க. கொஞ்சம் அமைதியா."

மனைவி குறுக்கிட்டார். "இவர் எழுதினதுல நான் கடைசி வரைக்கும் படிச்சது இது ஒண்ணுதான். நடுவுல யாரும் அதட்டல."

தலைமையாசிரியரின் முகம் சுண்டிப்போயிற்று. "ஆனா அந்தப் பெட்டி வரி இருக்கே, மூணு நாள் யோசிச்சு எழுதினேன்" என்றார். நிஜமாகவே நம்பித்தான் சொன்னார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது.

"நல்ல வரி சார்."

அவர் பையிலிருந்து அடுத்த நாவலை எடுத்து வைத்தார். எழுநூறு பக்கம்.

"இதுல கை வெக்கக் கூடாது" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "வெச்சாலும், ரொம்ப வேணாம்."

இந்தத் தடவை ஒரு வரியோடு நிறுத்தப்போவதில்லை என்று அக்காவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.