கடைசிப் பாட்டின் மீதிக்காகக் கோவளம் வரை

1991, ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்று. காலை ஏழே முக்காலுக்குத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நானும் ஸ்டீபனும் நின்றிருந்தோம். அவன் கையில் அவர்கள் வீட்டு டூ-இன்-ஒன். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த அந்தப் பெட்டியைப் பூத்துவாலையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தான். என் பையில் புது பேட்டரி ஆறு, காலி கேசட் ஒன்று, அரை டஜன் வாழைப்பழம். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கே இறங்கி வேறு பஸ் பிடித்தால் இன்னும் ஐந்தாறு கிலோமீட்டரில் கோவளம்.

மற்றவர்கள் கோவளத்துக்கு மீன் வாங்கப் போவார்கள், மாதா கோவிலுக்கோ தர்காவுக்கோ போவார்கள். நாங்கள் ஒரு பாட்டின் முடிவைக் கேட்கப் போனோம்.

'டஸ்ட்பின் லிட்ஸ்' என்று லண்டனில் நான்கு பேர் கொண்ட ஒரு பேண்ட் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் இரண்டு ரெகார்டு போட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். அவர்களுடைய முதல் ரெகார்டின் கேசட், காட்டாங்குளத்தூர் காலேஜ் ஹாஸ்டலில் கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்தபோது நாங்கள் பிளஸ் டூ முடித்திருந்தோம். பதிவின் பதிவின் பதிவு. பாடுகிறவன் கிணற்றுக்குள்ளிருந்து கத்துவதுபோல் இருக்கும். ஆனாலும் முதல் தடவை கேட்டு முடித்ததும் ஸ்டீபன் கிதாரை எடுத்து, "மூணே கார்டுதான் மச்சான், கம்பில விரல மூணு விதமா வச்சா போதும். இத நாமளே வாசிக்கலாம்" என்றான். அவன் சர்ச் கொயரில் கிதார் வாசிக்கிறவன். அன்றிலிருந்து அவன் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் என்றால் அந்தக் கேசட்தான். என்ன பாட்டு கேட்கிறீர்கள் என்று அவன் அம்மா ஒருமுறை கேட்க, அந்த மாதிரிக் கத்தல் ராக் இசைக்கு வெளிநாட்டில் வைத்த பெயரைச் சொல்லி, பங்க் என்றான். "பெட்ரோல் பங்க்ல போடுவாங்களே, அதா?" என்றார் அந்த அம்மா, அக்கறையாகவே.

அந்தக் கேசட்டில் ஒரு குறை. கடைசிப் பாட்டு சூடு பிடிக்கும்போது டேப் தீர்ந்துவிடும். 'டக்' என்று நிற்கும். அதற்கு அப்புறம் என்ன வருகிறது என்பதில் மூன்று வருஷமாக எங்களுக்குள் வாதம். பெரிய கிதார் வாசிப்பு வரும் என்பான் ஸ்டீபன். டிரம்ஸ் மட்டும் தனியாக அடித்து ஓயும் என்பேன் நான். இந்த ஊரில் இதைச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை என்பதால் இருவருமே தோற்காமல் இருந்தோம்.

அந்த மே மாதம் ஸ்டீபனின் அக்கா விடைத்தாள் திருத்தச் செங்கல்பட்டு போயிருந்தார். மார்க் கூட்டிப் பார்க்க அவர் எடுத்துப் போனது தம்பியின் பழைய நோட்டு. அட்டை முழுக்க இவன் அந்த பேண்டின் பெயரைக் கிறுக்கி வைத்திருந்தான். பக்கத்து நாற்காலியில் திருத்திக்கொண்டிருந்த கோவளத்து டீச்சர் பேனாவை மூடிவிட்டு, "இது யாரோட நோட்டு?" என்று கேட்டாராம். தன்னிடம் அந்த ரெகார்டு இருப்பதாகச் சொல்லி முகவரியும் எழுதிக் கொடுத்தார். லூர்து மேரி, சயின்ஸ் டீச்சர், மாதா கோவிலுக்குப் பின் தெரு. இந்த ஞாயிறு வருகிறோம் என்று இருவர் பெயரும் போட்டுக் கடிதம் எழுதியிருந்தோம்.

காலை 8.10. பஸ் கிளம்பியது. வண்டலூரில் கும்பல் இறங்கியது. பாதிப் பேர் மிருகக்காட்சி சாலைக்கு. அதற்கு மேல் கண்ணுக்கெட்டிய வரை ஏரியும் வயலும் பனையும்தான். கண்டக்டர் ஸ்டீபனின் மூட்டையைப் பார்த்து, "இன்னா தம்பி அது, ரிப்பேரா?" என்றார்.

"இல்லண்ணா, பாட்டு புடிக்க எடுத்துட்டுப் போறோம்."

"கோவளத்துலயா? அங்க இன்னா பாட்டு கீது, காத்துதான் கீது" என்று விசில் ஊதினார்.

நான் பேசிக்கொண்டே வந்தேன். ஸ்டீபன் வழக்கத்துக்கு மாறாக ஜன்னல் பக்கமே பார்த்தபடி இருந்தான். காய்ச்சல் என்று பாஸ்டரிடம் பொய் சொல்லிக் கொயருக்கு மட்டம் போட்டிருந்தான்; அந்த உறுத்தல் என்று நினைத்துக்கொண்டேன்.

கேளம்பாக்கத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். டீ அறுபது காசு. இரண்டாவது பஸ்ஸில் உப்பளங்களின் ஊடே போனோம். இரண்டு பக்கமும் வெள்ளைக் குவியல்கள், காலை வெயிலில் கண் கூசியது. பஸ்ஸில் பாதி இடம் காலி மீன் கூடைகளுக்கு.

10.20. கோவளம். டீச்சர் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. கதவைத் திறந்தவருக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். கைத்தறிப் புடவை, இறுக்கிய கொண்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. சயின்ஸ் டீச்சர் என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். டஸ்ட்பின் லிட்ஸ் கேட்பவர் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

"ரவி யாரு, ஸ்டீபன் யாரு?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே உட்காரவைத்தார். மூலையில் மேஜைமேல் ரெகார்டு பிளேயர். அதன்மேல் சாய்த்து வைத்த அட்டை உறையில் நசுங்கிய குப்பைத்தொட்டி மூடி ஒன்றின் படம். அந்தப் படத்தை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. ஸ்டீபன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டுதான் அதைத் தொட்டான்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார் டீச்சர். "காலையில இருந்து கரண்ட் இல்ல. லைன்ல வேலை பாக்கறாங்க. சாயங்காலம் வரும்னு சொல்றாங்க."

கடைசி பஸ் பற்றிக் கேட்டேன். ஐந்தரை பஸ்ஸைத் தவறவிட்டால் கேளம்பாக்கத்தில் தாம்பரம் பஸ் கிடைப்பது கஷ்டம் என்றார்.

செய்வதற்கு ஒன்றுமில்லை. கடற்கரைக்கு அனுப்பிவைத்தார். கட்டுமரங்கள் மணலில் காய்ந்துகொண்டிருந்தன. காலை ஏலம் முடிந்து, மிச்சமிருந்த சங்கராவையும் நெத்திலியையும் பெண்கள் கூறு கட்டி வைத்திருந்தார்கள். நெத்திலி கூறு நான்கு ரூபாய். எங்கள் சேலையூர் மார்க்கெட்டில் அதே கூறு எட்டு ரூபாய், பழசாகி மீனின் கண்ணும் சிவந்திருக்கும். ஸ்டீபன் அலை ஓரத்தில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பக்கம் என்னடா இருக்கு?" என்றேன். "எனக்கென்ன தெரியும்" என்றான்.

1.00. டீச்சர் சாப்பாடு போட்டார். சங்கரா மீன் குழம்பு, முட்டைகோஸ் பொரியல். சாப்பிடும்போதுதான் ரெகார்டு கிடைத்த கதையைச் சொன்னார். அவருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறவர். கிறிஸ்துமஸ் பாட்டு ரெகார்டு ஒன்று வாங்கி வரும்படி தங்கை எழுதியிருக்கிறார். கப்பல் கிளம்புகிற அவசரத்தில் அண்ணன் ஏதோ கடையில் தள்ளுபடிப் பெட்டியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து வந்துவிட்டார்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு எல்லாரும் உக்காந்திருக்கும்போது போட்டேன். அப்பா எழுந்து வெளிய போயிட்டாரு." சிரித்தார். "அந்த வருஷம் எனக்கு எதுவுமே சரியில்ல. நிச்சயம் பண்ண கல்யாணம் நின்னு போச்சு. வேலையும் கிடைக்கல. ஆளாளுக்கு எனக்காக ஜெபம் பண்ணாங்க. இந்தப் பாட்டுக்காரன் ஒருத்தன்தான் எனக்கு வர்ற கோவம் தனக்கும் வருதுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. பன்னெண்டு வருஷமா தனியாத்தான் கேக்கறேன். உங்க அக்கா கையில அந்த நோட்ட பார்த்தப்ப, அன்னிக்கு நான் திருத்தின அடுத்த பேப்பருக்கு என்ன மார்க் போட்டேன்னே தெரியல."

எந்தப் பாட்டு பிடிக்கும் என்று ஆரம்பித்தது பேச்சு. இரண்டாவது பாட்டில் பாடகன் ஒரு வரியை மறந்து சமாளிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா என்றார் டீச்சர். நாங்களும் கவனித்திருந்தோம். அந்த இடத்தை மூன்று பேரும் ஒரே சமயத்தில் பாடிக் காட்டினோம். நாங்கள் தப்பாகக் கேட்டு வைத்திருந்த வரிகளை அவர் விடைத்தாள் திருத்துவதுபோல் ஒவ்வொன்றாகத் திருத்தினார். அப்படிச் சிரித்துப் பேசி எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை, அவருக்கும் எங்களுக்கும்.

3.35. தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. டீச்சர் ரெகார்டைப் புடவைத் தலைப்பால் துடைத்து வைத்தார். டூ-இன்-ஒன்னை ஸ்பீக்கருக்கு முன்னால் ஸ்டூல்மேல் வைத்து ஸ்டீபன் பதிவுப் பொத்தானை அழுத்தினான். "நேரா கடைசிப் பாட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்டார் டீச்சர். வேண்டாம், முதலிலிருந்து என்றோம். கிணற்றிலிருந்து கேட்ட குரல் அன்று அறைக்குள் வந்து நின்றது. அடியில் கனமாக அதிரும் பேஸ் கிதார் என்று ஒன்று அந்தப் பாட்டுகளில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பாதியில் வாசலில் ஒரு குரல். கூடையை இறக்கிவைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார் செல்லம்மா அக்கா. டீச்சர் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கிறவர். டீச்சர் உதட்டில் விரல் வைத்து, பதிவாகிறது என்று ஜாடை காட்டினார். அவர் தலையாட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கடைசிப் பாட்டு வந்தது. எங்கள் கேசட் நிற்கிற இடம் வந்தது. ஸ்டீபன் என் முழங்கையைப் பிடித்தான்.

கிதார் வாசிப்பும் வரவில்லை, டிரம்ஸும் வரவில்லை. எல்லா வாத்தியமும் ஒரேயடியாக நின்றது. பாடகன் கத்தவில்லை. சாதாரணக் குரலில் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தான். ஆண்கள், பெண்கள், முதல் பெயரும் குடும்பப் பெயருமாக, ஒன்றன்பின் ஒன்று. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் பதில் வருமா என்று பார்ப்பவன்போல ஒரு சின்ன இடைவெளி. டீச்சர் கண்ணை மூடி உதட்டுக்குள் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிப் பெயருக்கு அப்புறம் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம், அவ்வளவுதான்.

"யாரு பேரெல்லாம் படிச்சிகினு கீறான், மிஸ்?" என்றார் செல்லம்மா அக்கா.

"அவன் தெருக்காரங்கக்கா. அங்க இருந்த ஃபேக்டரிய மூடிட்டாங்க. வேலை போனவங்க பேரு."

"அத்தாலதான் அவ்ளோ கத்துனானா?"

"ஆமா."

"கத்தத்தான் செய்வான்" என்று சொல்லிக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூன்று வருஷம் மொட்டை மாடியில் உட்கார்ந்து நாங்கள் அந்த பேண்டைப் பற்றிப் பேசியதெல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிட்டது போலிருந்தது. டேப்பை நிறுத்த மறந்துவிட்டோம். மீன் விலை பேசியதும் பதிவாகியிருந்தது.

4.50. கிளம்பும்போது டீச்சர், "ஆகஸ்ட்ல அண்ணன் வராரு. அவங்களோட ரெண்டாவது ரெகார்டு எங்க கிடைச்சாலும் வாங்கிட்டு வரச் சொல்லி எழுதியிருக்கேன். ரெண்டு பேரும் வாங்க" என்றார்.

ஸ்டீபன் செருப்பு மாட்டிக்கொண்டே, "நான் இருக்க மாட்டேன் மிஸ். வர்ற புதன்கிழமை மஸ்கட் போறேன். ஏசி மெக்கானிக் வேலை" என்றான்.

டீச்சர் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "ரவி, நீ வருவே இல்ல?" என்று மெதுவாகக் கேட்டார். வருவேன் என்றேன்.

5.30 பஸ். உப்பளங்கள்மேல் வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது. கேளம்பாக்கத்தில் தாம்பரம் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன்.

"எப்ப தெரியும்?"

"விசா வந்து ஒரு மாசம் ஆச்சு."

"எனக்கு ஏண்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னிக்கு நீ பாட்டு கேட்டிருப்பியா? என் மூஞ்சியத்தான் பார்த்துட்டு இருந்திருப்ப." பெட்டியை மடியில் சரித்துக்கொண்டு, "மிஸ்கிட்ட சொல்றது ஈசியா இருந்துச்சு மச்சான். உன்கிட்ட சொல்ல நாலு தடவ வீட்டுக்கு வந்தேன். நாலு தடவயும் உங்க அம்மா காப்பி குடுத்தாங்க, குடிச்சிட்டுப் போயிட்டேன்" என்றான்.

கோபமாகத்தான் இருந்தேன். ஆனாலும் வண்டலூர் வந்தபோது டேப்பிலிருந்து கேசட்டை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டேன். வேண்டாம் என்றான். "அங்க யாரு இருப்பாங்க உனக்கு" என்றேன். அவன் சட்டைப் பையின் பட்டனைப் போட்டுக்கொண்டான்.

7.25. தாம்பரம். அவன் வீடு மேற்கே, என் வீடு கிழக்கே. ரயில் நிலையத்துப் படிக்கட்டு அருகே மின்சார ரயில் கூட்டம் எங்கள் இருவரையும் இடித்துக்கொண்டு போனது. புதன்கிழமை ஏர்போர்ட்டுக்கு வருவேன் என்றேன். "வா" என்றான். துண்டில் சுற்றிய பெட்டியோடு கூட்டத்துக்குள் போனான்.

அன்றுவரை இந்தத் தாம்பரத்தில் எங்களைப்போல் இரண்டே பேர்தான் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது ஆள் இரண்டு பஸ் தூரத்தில் பன்னிரண்டு வருஷமாகத் தனியாக இருந்திருக்கிறார். அவரைக் கண்டுபிடித்த அதே நாளில் இரண்டாவது ஆள் போவது தெரிந்தது. சேலையூர் வரை பஸ் ஏறாமல் நடந்தேன்.

வீட்டில் அப்பா டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க போயிட்டு வர்ற?"

"கோவளம்."

"மீன் வாங்கவா?"

"இல்லப்பா. ஒரு பாட்டு கேக்க. ஸ்டீபனும் நானும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்லா இருந்துச்சா?"

நான் கேட்கும் பாட்டைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கேட்ட முதல் கேள்வி அது. நல்லா இருந்துச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். ஸ்டீபன் போறாம்பா என்றுதான் வந்தது. அப்பா எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு வந்து, சோபாவில் நகர்ந்து இடம் விட்டார்.