புளி போட்டுத் தேய்த்த கார்

எங்கள் பழைய காரை விற்கப் போகிற செய்தியை என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லவில்லை. வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் காதில் வாங்கிக்கொண்டேன். பினாங்குத் தீவை அக்கரையோடு இணைக்கும் பாலம் திறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். உள்நாட்டிலேயே செய்த புதுக் காருக்கு ஊரே பதிவு செய்துகொண்டிருந்தது, அவரும் பதிவு செய்திருந்தார். டத்தோ கிராமாட்டில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் இரண்டு கார் நிறுத்தத் தாராளமாக இடம் உண்டு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிற்பாடு காரை விற்க அவர் என்னிடம் சொன்ன முதல் காரணமே இடம் இல்லை என்பதுதான்.

எனக்கு அந்தக் கார் வேண்டும். என்னைக் கெப்பாலா பத்தாஸில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். விடிவதற்கு முன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு ஒரு பஸ், பிறகு ஃபெரி, அக்கரையில் இன்னொரு பஸ். மழை நாளில் போய்ச் சேரும்போது சேலை முழங்கால் வரை நனைந்திருக்கும். மேலதிகாரி என்னைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். கார் ஓட்டும் லைசன்ஸ் என் பீரோவில் இரண்டு வருடமாகப் படுத்திருந்தது. முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியவள் நான். அவர் மூன்றாவது தடவையில்.

"என்னங்க, பழசை நான் ஓட்டிக்கிறேனே. பாலத்துல போயிட்டு வந்துடுவேன்" என்று ஒரு நாள் கேட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

"உனக்குச் சரிப்படாது லா. க்ளட்ச் கனம். அதுவும் அந்தப் பாலத்துல காத்து எப்படி அடிக்குதுன்னு தெரியுமா?"

காற்று ஆம்பளை பொம்பளை பார்த்தா அடிக்கிறது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்காமல் ரசம் ஊற்றினேன்.

விற்பதற்கு முன் வண்டியைப் பளபளப்பாக்க வேண்டும். சுங்கை பினாங்கில் ஒரு தமிழர் பாலிஷ் கடை வைத்திருந்தார். உள்ளே வெளியே எல்லாம் சுத்தம் செய்து, பாலிஷ் போட்டு, மெழுகு தடவித் தருவார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று இவரும் போய் விலை கேட்டுவிட்டு வந்தார். வரும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது.

"நூத்தி இருவது வெள்ளியாம்! கார் கழுவ நூத்தி இருவது! ஏன், நமக்குக் கை இல்லையா?"

நமக்கு என்றாரே, அந்த வார்த்தையைக் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அவர் 'நாம்' என்று சொன்னால் 'நீ' என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு நாம் முறுக்குச் சுடலாம், நாம் சன்னல் கண்ணாடி துடைக்கலாம், நாம் காலையில் சீக்கிரம் எழுந்திருக்கலாம். எல்லாம் அந்த வகைதான்.

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். ஆரம்பித்தேன். ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பார், நான் குனிந்து சக்கரம் தேய்ப்பேன். "அங்க விட்டுட்ட. இல்ல இல்ல, அதுக்கு மேல" என்று விரலை நீட்டுவார். தண்ணீர் சக்கரத்தில் பாதியும் என் மேல் பாதியும் விழும். மத்தியானம் உள்பக்கத்தைப் பிடித்தேன். சீட்டுக்கு அடியில் கையை விட்டால் பத்துக் காசு நாணயங்கள், காய்ந்து சருகான மல்லிகைச் சரம், திருநீறு மடித்த காகிதங்கள், நான் எப்போதோ தொலைத்துவிட்டு வீடெல்லாம் தேடிய ஒரு தோட்டின் திருகாணி. பதினோரு வருடம் நான் உட்கார்ந்து வந்த இடத்தின் குப்பை பூராவும் என்னுடையதுதான்.

கடைசியில் ஸ்டீரிங்கைத் துடைக்க ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பதினோரு வருடத்தில் முதல் முறையாக அந்த இடத்தில் உட்கார்ந்தேன், அதுவும் கையில் ஈரத் துணியோடு. கால் எட்டவில்லை, சீட்டை முன்னால் இழுக்கக் கீழே கையை விட்டேன்.

"ஏய், சீட்ட நகத்தாத! என் அளவுக்கு வச்சிருக்கேன்!" என்று வெளியிலிருந்து சத்தம் வந்தது.

விற்கப் போகிற வண்டி. வாங்குகிறவன் காலும் இவர் அளவில்தான் இருக்குமாம்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையிலிருந்த துணியால் கண்ணைத் துடைத்தேன், முகமெல்லாம் கரி. அவர் பார்த்துவிட்டு, "நல்லாத் துடைச்சியா?" என்று காரைப் பற்றிக் கேட்டார்.

முன்பக்கத்துப் பானெட்டை மட்டும் அவர் என்னிடம் விடவில்லை, அது அவருடைய கௌரவம். வெள்ளிக்கிழமை தோறும் குளித்துவிட்டு வந்து, வெள்ளைக் காரின் பானெட்டில் நடுவாகப் பார்த்து, சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குக் காய்ச்சல் என்று நான் வைக்கப் போனேன். "நீ வச்சா கோணலாப் போகும்" என்று போர்வையோடு எழுந்து வந்துவிட்டார். பதினோரு வருடத்துக் குங்குமம், வெயிலும் சேர்ந்து, பெயிண்டுக்குள்ளேயே இறங்கியிருந்தது. சோப்பு போட்டுப் பார்த்தார், மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தார். ஒரு சின்ன ரொட்டி அளவுக்குச் சிவப்பாக உட்கார்ந்திருந்தது. சீனரோ மலாய்க்காரரோ வாங்க வந்தால் பொட்டு வைத்த வண்டியை எப்படி வாங்குவார் என்று அவருக்குக் கவலை.

"குத்துவிளக்க எதுல தேய்க்கிற?" என்று கேட்டார்.

"புளியில."

"கொண்டா."

நல்ல புளியாகவே பார்த்து எடுத்து வந்தேன். ஊறவைத்துத் தடவினார். சிவப்புக் கறை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பளிச்சென்று மஞ்சளாக மாறியது. குங்குமம் மஞ்சளிலிருந்து செய்வதுதானே, புளி பட்டதும் அது தன் பிறந்த வீட்டு நிறத்துக்குப் போய்விட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். மனுஷன் விடுவாரா? எலுமிச்சம்பழம் கேட்டார், இன்னும் மஞ்சளானது. தேங்காய் நாரும் பாத்திரம் துலக்குகிற பொடியும் கேட்டார்.

"கீறிடுங்க" என்றேன்.

"இத்தனை வருஷமா விளக்கத் தேய்க்கிறியே, விளக்கு கீறிடுச்சா?"

உண்மையைச் சொல்கிறேன், தடுத்திருக்கலாம், கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்க்கத் தேய்க்க மஞ்சள் போனது, வெள்ளையும் போனது, அடியிலிருந்து சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. அவர் நிமிர்ந்தபோது பானெட் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சொட்டை. சுற்றிலும் கோடு கோடாகக் கீறல். வெயிலில் நன்றாகவே தெரிந்தது.

"புளி சரியில்ல" என்றார்.

திங்கட்கிழமை மாலை, வேறு வழியில்லாமல், அதே பாலிஷ் கடைக்குப் போனோம். கடைக்காரர் பானெட்டைப் பார்த்தார். குனிந்தார். மூக்கை உறிஞ்சினார். என் பக்கம் திரும்பி, "என்னக்கா, புளி வாசம் வருது?" என்றார். நான் தெருவைப் பார்த்தேன். சிரித்தால் தொலைந்தேன்.

"கறை இருந்துச்சு, கொஞ்சம் தேய்ச்சோம்" என்றார் என் வீட்டுக்காரர். பார்த்தீர்களா, இங்கேயும் 'நாம்'தான்.

"அரை மணி நேர வேலண்ணே அது. பாலிஷ் பசை போட்டா தானா வந்திருக்கும். அப்படியே கொண்டாந்திருந்தீங்கன்னா அந்த நூத்தி இருவதுலயே முடிச்சிருப்பேன். இப்ப பெயிண்ட் அடிக்கணும். எல்லாம் சேத்து முன்னூறு ஆகும். ஆனா ஒண்ணு, பானெட் மட்டும் அடிச்சா தனியாத் தெரியும். முழுசா அடிச்சிருங்க."

முழு வண்டிக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு இவர் இரண்டடி பின்னால் போனார். "பானெட் மட்டும் போதும்" என்றார்.

நான்கு நாளில் வண்டி வந்தது. கடைக்காரர் மேல் குறை சொல்ல முடியாது, டேஷ்போர்டு இடுக்கில்கூடத் தூசி இல்லை. ஆனால் அவர் சொன்னது போலவே, பதினோரு வருடத்துப் பழுப்பு வெள்ளை உடம்பில் பானெட் மட்டும் பால் வெள்ளையாக நின்றது.

'கார் விற்பனைக்கு' என்று ஒரு தாளில் எழுதி, அதை என் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி என்னிடமே கொடுத்தார். எனக்குக் கிடைக்காத காருக்கு நானே விளம்பரம். பஸ், ஃபெரி, பஸ் என்று அதைச் சுமந்துபோய் ஒட்டினேன். விலை நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி என்று எழுதியிருந்தார்.

என் அலுவலகத்து மலாய் அதிகாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். மரியாதையான மனிதர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், பானெட்டுக்கு முன்னால் நின்றார், விரலால் தட்டினார். "இது லங்கார் ஆன கெரேத்தாவா?" என்று மெதுவாகக் கேட்டார். மோதிய வண்டியா என்கிறார். முகப்பில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் நினைப்பார்கள். மோதவில்லை என்றால் பின்னே எதற்குப் பெயிண்ட் என்று கேட்பார். புளி போட்டுத் தேய்த்தேன் என்று ஓர் அதிகாரியிடம் எந்த முகத்தோடு சொல்வது? "கொஞ்சம் துரு" என்றார் என் வீட்டுக்காரர். அதிகாரி காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து வந்த இருவரும் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பழைய கார் வாங்கி விற்கும் சீனர் ஒருவர் வந்தார், அவர் தட்டக்கூட இல்லை. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "ஆக்சிடென்ட் லா, இது. ரெண்டாயிரத்து இருநூறு" என்றார். இவர் அவரிடம் கத்தினார். சீனர் சாவகாசமாகப் பல் குத்திக்கொண்டு, மனம் மாறினால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார். புதுக் கார் அடுத்த வாரம் வருகிறது. இவருக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் டீ கொடுக்கும்போது சொன்னேன்: "நான் வாங்கிக்கிறேன். அலுவலகத்துல சீட்டு எடுத்த பணம் இருக்கு. ரெண்டாயிரம்."

டம்ளர் பாதி வழியில் நின்றது. "உனக்கென்ன பைத்தியமா? அந்தச் சீனனே இருநூறு கூட குடுக்கிறான்!"

"அவருக்கு வண்டி எங்க அடிபட்டுச்சுன்னு தெரியாது. எனக்குத் தெரியும்."

"எங்கடி அடிபட்டுச்சு? நீயும் கூடத்தான இருந்த!"

"ஆமா. வாசற்படியில உட்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வர்றவங்க எல்லாருகிட்டயும் சொல்லட்டுமா?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "சரி, க்ளட்ச் கனமா இருக்குன்னு அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது" என்றார்.

நோட்டுகளை மேசையில் வைத்தேன். ஒன்று சொல்கிறேன்: அந்த நிமிடம் வரை, வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். பதினோரு வருடம் அந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறேன். அவர் பணத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேர் மாற்றுகிற செலவும் என்னுடையது என்றார். மனசு விட்டுப் போனது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

மறுவாரம் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, பாலத்தில் ஏறி, காற்றில் ஏறி, கெப்பாலா பத்தாஸ் போய் இறங்கினேன். க்ளட்ச்சில் ஒரு கனமும் இல்லை. சேலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பால் வெள்ளைப் பானெட்டில், நடுவில், என் கட்டை விரலால் அழுத்தி வைத்தேன். கொஞ்சம் கோணல்தான். தன் புதுக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"ஏய் ஏய், புதுப் பெயிண்ட்! கறை புடிச்சா நாளைக்கு எவன் வாங்குவான்?"

"புடிக்கட்டுங்க" என்றேன். "நான் விக்கப் போறதில்ல."