பூனைக்குக் கிடைத்த வீடு

சிதம்பரத்தில் கோயிலுக்கு மேற்கே இருக்கும் அந்தச் சந்துப் பக்கம் நான் இன்றுவரை போவதில்லை. போனால் அந்த வாசலில் நின்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவேன்.

2008-ல் எனக்குப் பதினோரு வயது. இலங்கையிலிருந்து படகேறி வந்து, முகாமில் கிடந்து, பிறகு முதுநகரில் மீன் சந்தையை ஒட்டிய ஓர் அறையில் சில மாதம் ஒண்டியிருந்தோம். அங்கே எங்களோடு ஒட்டிக்கொண்டதுதான் அந்தச் சாம்பல் பூனை. அப்பாவுக்குச் சிதம்பரத்தில் பெயின்ட் அடிக்கும் வேலை கிடைத்தபோது, ஒயர் கூடையில் துணி விரித்து அதையும் பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

வீட்டுக்கார அம்மா முன்பக்கம் இருந்தார். எங்களுக்குப் பின்பக்கத்து அறை. முதல் நாளே, "பூனை என் பக்கம் வந்துச்சி, கொதிக்கிற தண்ணிய ஊத்திடுவேன்" என்றார். எங்கள் குழம்பு வாசனை, எங்கள் பேச்சு, நாங்கள் குளிக்கிற நேரம், எதுவுமே அவருக்கு ஆகாது. குழாயடியில் நின்று, "சிலோன்காரங்களுக்கு வீடு குடுத்தேன் பாரு, என் புத்திய செருப்பால அடிக்கணும்" என்று எங்கள் காதுபடவே சொல்வார்.

ஒரு திங்கட்கிழமை ஸ்டேஷனிலிருந்து போலீஸ்காரர் ஒருவர் வந்து, எங்கள் பதிவைச் சரிபார்த்துவிட்டுப் போனார். அகதிகள் என்றால் அப்படி வருவது வழக்கம்தான். ஆனால் காக்கிச் சட்டை வாசலேறியதைத் தெருவே பார்த்துவிட்டதே! "வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க" என்றார் வீட்டுக்கார அம்மா.

என் அம்மாவுக்கு அப்போது எட்டு மாதம். "பிள்ளை பிறக்கும்வரைக்கும் பொறுங்கோ அக்கா" என்று கைகூப்பினார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நாளைக்கு எதாச்சும் ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

புதன்கிழமை பூனையைக் காணோம். தேடிப்போனால், வீட்டுக்கார அம்மாவின் ஸ்டோர் ரூமில் பழைய புடவை மூட்டைமேல் மூன்று குட்டிகளோடு படுத்திருக்கிறது. தொலைந்தோம் என்று நினைத்து ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த அம்மாவோ பதறிப்போனார்.

"ஐயையோ, தொடாத! குட்டி போட்ட பூனைய வெளிய அனுப்புனா குடும்பத்துக்கே ஆகாது. கண்ணு தொறக்குற வரைக்கும் இங்கியே கெடக்கட்டும்." கிண்ணத்தில் பால் வேறு வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கட அம்மாவுக்கும்தானே வயித்தில பிள்ளை இருக்கு?" என்றேன்.

"பாத்தியா வாய! இதுக்குத்தான் காலி பண்ணச் சொன்னேன்." என் அம்மா ஓடிவந்து என் முதுகில் ஒன்று வைத்தார்.

அப்பாவின் மேஸ்திரி குமராட்சியில் ஓர் ஓட்டு வீடு பிடித்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாமான்களை மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கார அம்மா வாசலுக்கு வந்து, ஒன்றுமே நடக்காதது போல, "ஏம்மா, பூனைக்குப் பாலத் தவிர வேற என்னா குடுக்கணும்?" என்று கேட்டார். என்ன நெஞ்சழுத்தம்!

அம்மா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்: பாலில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும், சோற்றைக் குழைத்து வைக்க வேண்டும், குட்டிகளைக் கையால் தூக்கக் கூடாது, தூக்கினால் தாய் இடம் மாற்றிவிடும்.

வண்டி கிளம்பியதும் நான் வெடித்தேன். "ஏனம்மா அவவுக்குப் போய்ச் சொன்னனீங்கள்? தெரியாம முழிக்கட்டும் எண்டு விட்டிருக்கலாமே!"

"சத்தம் போடாதை" என்றார் அம்மா. "அதுக்காவது ஒரு வீடு கிடைச்சிருக்கு. அதையும் கெடுத்துப் போடாதை."