பாரம் எடுத்த பிள்ளை

பெரியம்மா தேநீருக்கு வெந்நீர் வைத்த கேத்தல் என் சமையலறையின் உச்சித் தட்டில் இருக்கிறது. மூக்கு நசுங்கி, அடி கரிபிடித்து, எதற்கும் உதவாத பொருள். பதுளை நகரத்து வீட்டில் இதை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்காதவர் இல்லை. நேற்று மாலையிலிருந்து அதைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியம்மா எனக்கு உறவில்லை. பெற்றவர்களை இழந்த என்னை, ஆதரவற்ற பிள்ளைகளைப் பார்க்கும் நன்னடத்தை அலுவலகத்தில் கையெழுத்திட்டு வளர்க்க அழைத்துவந்த தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண். நமுனுகுல மலையடியில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் லயம். காலையில் கதவைத் திறந்தால் மூடுபனி அழைக்காத விருந்தாளியாக உள்ளே வந்துவிடும். எதிர்வீடு இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிடும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து பெண்களின் குரல் மட்டும் வரும். "அது யாரு?" "பாரம் எடுத்த புள்ள." பொறுப்பேற்பதைத்தான் எங்கள் பக்கம் பாரம் எடுப்பது என்பார்கள். ஆறு வயதுக்காரிக்கு அது எங்கே தெரியும்? கொழுந்துக் கூடையின் கயிறு பெரியம்மாவின் தலையை அழுத்துவதைப் பார்த்து, என்னையும் அப்படித்தான் சுமக்கிறார் என்று நம்பினேன். சோற்றைக் குறைத்தேன். நடக்கும்போது பாதத்தை மெதுவாக வைத்தேன். அப்படி வைத்தால் எடை குறையும் என்று எண்ணம்.

ஒரு காலை அவர் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருந்தார். அடுப்பில் கேத்தல் கொதித்தது. இதையாவது இறக்கி வைப்போம், அவருக்கு ஒரு பாரம் குறையட்டும் என்று தூக்கினேன். வெந்நீர் சரிந்து இடது கை முழங்கை வரை வெந்தது. ஓடிவந்தவர் குடத்துத் தண்ணீர் முழுவதையும் என் கைமீது ஊற்றினார்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டுப் பேசாம வந்துருங்க. ஆபீசுக்குத் தெரிஞ்சா புள்ளைய தூக்கிட்டுப் போயிருவாங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் சொன்னது பொய்யில்லை. பெரியம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் பதுளை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு, எங்கள் பஸ் வந்து நின்றும் அவர் ஏறவில்லை. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார். மருந்து மயக்கத்தில் ஊரே தண்ணீருக்கடியில் கிடந்து ஆடியது. அவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"கேத்தல அடுப்புல வச்சிட்டு, புள்ளைய தனியா விட்டுட்டுப் போனேங்க. எம்மேலதான் தப்பு. எழுதிக்குங்க."

அதிகாரியம்மா எழுதுவதை நிறுத்தினார். "நீங்க சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே."

"மறைச்சுப் பழகிட்டா, நாளைக்குப் பெருசா ஒண்ணு நடந்தாலும் வாய் வராதுங்க."

விசாரணை முடியும்வரை என்னை விடுதியில் விட்டார்கள். பெரியம்மா பாரத்தை இறக்கிவிட்டார் என்றே நினைத்தேன். முழு மனதோடு அவரை வெறுத்தேன். ஞாயிறுதோறும் வந்து விடுதி வாசலில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பார். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். பிடிவாதத்தில் இருவரும் சளைத்தவர்கள் இல்லை. பல ஞாயிறுகள் கழித்து ஒருநாள், திரும்பாமலே கேட்டேன். "பாரம் இல்லாம நல்லா இருக்கா?"

மூக்கை உறிஞ்சினார். "கொழுந்துக் கூடை இல்லாம நடந்தா கழுத்து வலிக்குதுடி. பழகிப்போச்சு."

அன்றுதான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். மழைக்காலம் ஓய்ந்து, விசாரணையும் முடிந்து என்னை வீட்டுக்கு அழைத்துப்போனபோது, தரையில் இருந்த அடுப்பு மேடை ஏறியிருந்தது. கேத்தல் எனக்கு எட்டாத ஆணியில் தொங்கியது.

இப்போது நானும் ஒரு சின்னவளைப் பாரமெடுத்து வளர்க்கிறேன். நேற்று மாலை அவள் மதிலிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். நான் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன். அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவம் மேசையில் கிடக்கிறது. என் கண்முன்னால் படியில் வழுக்கினாள் என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. அந்த எண்ணம் வரத்தான் செய்தது, ஒளிப்பானேன்.

கட்டுப்போட்ட கையோடு அவள் வந்து நின்றாள். "எழுதினா என்னைக் கொண்டு போயிருவாங்களா அம்மா?"

"கொண்டு போனாலும் போவாங்க" என்றேன். "ஞாயித்துக்கெழம வந்து வாங்குல உக்காந்திருப்பேன். நீ முதுகக் காட்டினாலும் உக்காந்திருப்பேன்."

அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் இன்னொரு முறை கேத்தலை அண்ணாந்து பார்த்துவிட்டு, பாரமெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அடுத்த வரியில் ஃபோனைப் பற்றி எழுதினேன்.