முதலில் கலனுக்கு, பிறகு காருக்கு

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. ஊரில் ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான் படித்தேன். கடிதம் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற ஆள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குள் இருக்கும் ஒரு பயத்தை யாரிடமாவது சொல்லிவிட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த நாட்டில் நான் போகும் ஸ்டேஷன்களில் பெற்றோல் அடித்துத் தர ஆளில்லை. நாங்களே குழாயை எடுத்து அடிக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் கடைக்குள் இருப்பவர் பொத்தானை அமத்தினால்தான் பம்ப் வேலை செய்யும். அவர் ஏதும் சொன்னால் குரல் மேலே கூரையிலிருந்து வரும். எத்தனை வருடமாகியும் ஆள் தெரியாமல் தலைக்கு மேலே ஒலிக்கும் அந்தக் குரலைக் கேட்டால் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

மிச்சம் என்கிற ஊரில் குடியிருக்கிறேன். கெயரர் வேலை. விடிய வெளிக்கிட்டு, ஒரு பழைய சின்னக் காரில் தோர்ண்டன் ஹீத் வரைக்கும் வீடு வீடாகப் போய் முதியவர்களை எழுப்பிக் கழுவி உடுப்பு மாற்றிவிடுவேன். முதல் வீடு மார்கிரட்டினுடையது. அவருக்கு இடுப்புக்குக் கீழே இயங்காது. இரவு கெயரர் போனபிறகு விடிய நான் போகும்வரை அந்த வீட்டில் வேறு யாருமில்லை.

அன்று காலை அவருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் ஒரு எண்ணெய் ஆலை எரிந்தது. எங்கோ நடக்கிற போரில் ட்ரோன் வந்து விழுந்ததாம். புகை கறுத்துத் திரண்டு மேலே போயிற்று. மார்கிரட் பாணைக் கடித்தபடி, அது தூர இடம், இங்கே விலைதான் ஏறும் என்றார். எனக்கோ அந்த மணமே மூக்கில் அடித்தது. ஊரில் எங்கள் சந்திக் கடையின் மண்ணெண்ணெய்ப் பீப்பாக்கள் மேல் குண்டு விழுந்த நாளில் அதே புகையைத்தான் பார்த்தேன். ஊருக்குள் பெற்றோல் வரவிடாத காலம் அது. அப்பாவுக்கு நெஞ்சுநோ வந்த அன்று பக்கத்து வீட்டு வான் முற்றத்தில்தான் நின்றது. அதில் எல்லாம் இருந்தது, பெற்றோல் மட்டும் இருக்கவில்லை. மாட்டுவண்டிலில் ஏற்றிப் போனோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டொக்டர் செய்தது அப்பாவின் கண்ணை மூடிவிட்டது மட்டும்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. கிடைக்கிற எண்ணெய் முதலில் சேர்த்துவைக்கிற பிளாஸ்டிக் கலனுக்குப் போகும், மிஞ்சினால்தான் வாகனத்துக்கு. அதே பழக்கத்தில் மார்கிரட் வீட்டிலிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். காரில் பெற்றோல் குறைவாகத்தான் இருந்தது. ஆனாலும் கார் டிக்கியில் கிடந்த வெறும் தேங்காய் எண்ணெய்க் கலனை எடுத்து நிலத்தில் வைத்துக் குழாயைப் பிடித்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. கூரையிலிருந்து குரல் வந்தது. ஆங்கிலம், அதுவும் இரைச்சலோடு. எனக்கு விளங்கியது ‘இல்லை’ என்ற ஒரு சொல்தான். உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காருக்கும் அடிக்காமல் கலனைத் தூக்கிக்கொண்டு காரை எடுத்துவிட்டேன்.

வழியில் தமிழ்க் கடையில் நின்றேன். காசு வாங்கும் இடத்தில் இருக்கும் வசந்தி அக்கா, ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டார். பெற்றோல் தர மாட்டார்களாம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அக்கா அங்கேயே போனை எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். மத்தியானம் திரும்பி வரும்போது அந்த ஸ்டேஷனுக்கு முன்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு கார்கள் நின்றன. பாதிக்கு மேல் எங்கள் சனம். பின்னேரம் பெற்றோல் முடிந்ததென்று குழாய்களுக்கு மஞ்சள் பை கட்டிவிட்டார்கள். என் காரில் சிவப்பு லைட் எரியத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“தேங்காய் எண்ணெய்க் கலனுக்குள்ள பெற்றோல் விட இஞ்ச சட்டத்தில இடமில்லை. அதுதான் அவன் பம்பைப் போடேல்லை. ஊர் முழுக்கப் பெற்றோல் முடிஞ்சு போச்செண்டு நீ சொல்லிப்போட்டாய்.”

“அப்ப நான்தான் முடிச்சனோ?”

“ரீவியில அந்தப் புகையைப் பாத்த எல்லாரும்தான் முடிச்சவை. நீ கொஞ்சம் முந்திப் போட்டாய்.”

அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை. மாலையில் மார்கிரட்டைப் படுக்க வைக்கும் முறையும் அன்று எனக்குத்தான். சொட்டு மிச்சத்தில் போய்ச் சேர்ந்தேன். நாளைக்கு நான் வர முடியாமல் போனால் உங்களைத் தூக்கிவிட யாராவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. வேலையை விட்டுப் போகிறேன் என்று நினைத்திருக்கிறார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா?” என்றார். இல்லை, பெற்றோல், பெற்றோல் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் கையை விடவில்லை. பயந்த ஒருவரின் பிடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு முன்னால் வந்து காரை நிறுத்தியபோது ஊரில் என் அண்ணை வைத்திருந்த மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வந்தது. பெற்றோல் வராத அந்தக் காலத்தில் அது மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஆனால் மண்ணெண்ணெயில் தொடங்காது. சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் ஒளித்து வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டு விட்டு உதைத்தால்தான் உயிர் வரும். பிறகு இருமி இருமி, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு எவ்வளவு தூரமும் போகும். நானும் இங்கே அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன் போலும். ஓடுவது இந்த ஊர் எண்ணெயில். காலையில் என்னை உதைத்துத் தொடக்குவது அங்கிருந்து கொண்டுவந்த அந்தச் சொட்டுப் பயம்.

மறுநாள் பஸ்ஸில் போனேன். பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன். மார்கிரட்டின் படுக்கை நனைந்திருந்தது. விரிப்பை மாற்றி அவரைக் கழுவிவிட்டேன். பின்னேரம் ஸ்டேஷனுக்குப் பெற்றோல் வந்தது.