பத்மாக்கா வீட்டுச் சுவரின் ஏழு கோடுகள்

பத்மாக்கா என் பூச்சைக் கெடுத்தவர். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கோபம் எனக்குள் கிடந்தது. அவர் இறந்து முப்பத்தோராம் நாள் வெளியிடுகிற நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி மகள் கஜானி கேட்டபோது, எழுதினால் இதைத்தான் எழுதுவேன் என்றேன். "எழுதுங்கோ அண்ணை, அம்மாவுக்குத் தெரியாத கதையே?" என்றாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மேசன் வேலைதான் தெரியும். விளக்கு, தெய்வம் என்றெல்லாம் எழுத வராது.

பத்மாவதி அக்கா கூட்டுறவுச் சங்கக்கடையில் இருபத்தேழு வருடம் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவர். தராசு முள் நடுவில் நிற்காமல் பையைக் கையில் தரமாட்டார். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே ஓடியபோது அவரும் புருசனும் கைக்குழந்தையோடு சாவகச்சேரிக்குப் போய், அங்கிருந்து வன்னிக்குப் போனார்கள். புருசனை வன்னியில் மலேரியா கொண்டுபோனது. திரும்பி வந்தபோது அரியாலை வீட்டில் கூரையும் இல்லை, கதவுகளும் இல்லை. சமாதான காலத்தில் திருப்பிக் கட்டினார். அந்த வீட்டுக்குப் பூசினவன் நான். அதுவரை ஒருவருக்குக் கீழ் சாந்து குழைத்துக் கொடுத்த எனக்கு, தனியாக எடுத்த முதல் வேலை அது. வீட்டு முன்னால் போகிற ஒழுங்கையை, அந்த ஒடுக்கமான தெருவை, பார்த்த சுவரை நிலம்வரைக்கும் இறக்கி, கண்ணாடிபோலப் பூசிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, மார்கழி மழை விட்டதும் கதவு இறுகுது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் சுவரில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், ஒரு முழம் நீளத்துக்கு ஆணியால் இழுத்த கோடு.

"ஏனக்கா என்ரை பூச்சைக் கெடுத்தனீங்கள்?"

"தண்ணி ஏறி நிண்ட இடமடா அது."

"அதுக்குப் பென்சில் இல்லையே?"

"பென்சில் அடுத்த மழைக்குக் கழுவுப்படும். ஆணி நிக்கும். உன்ரை பூச்சு நல்ல பூச்சு, வடிவாக் கீறுது."

புகழ்ந்தாரா நக்கலடித்தாரா என்று இன்றைக்கும் தெரியாது. பிறகு பெரிய வெள்ளம் வந்தபோதெல்லாம் ஒரு கோடு விழுந்தது. ஒவ்வொரு முறையும் நான் ஏசினேன். ஒவ்வொரு முறையும் பால் விடாத பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் தந்தார். இப்போது அந்தச் சுவரில் ஏழு கோடுகள் இருக்கின்றன. அவர் கீறியது ஆறு.

அந்த ஆறும் மேலும் கீழுமாக ஒரு சாண் அளவுக்குள்தான். எந்த மழைக்கும் தண்ணீர் மூன்றாம் படியைத் தாண்டி வீட்டுக்குள் வந்ததில்லை. ஒழுங்கைக்குத் தெற்கே மாடு மேய்கிற பள்ளவெளியாக இருந்த தரவை தண்ணீரை வாங்கி, நடுவில் ஓடிய வாய்க்காலால் கடல்நீரேரிக்கு அனுப்பிவிடும். கோடையில் பார்த்தால் வாய்க்கால் என்றே தெரியாது, மாடு நடக்கிற பள்ளம்போல இருக்கும்.

அந்தத் தரவையைத்தான் வெளிநாட்டிலிருக்கிற ஒருவர் வாங்கினார். இருபது பரப்பு, ஒன்றேகால் ஏக்கர். டிப்பர் டிப்பராக மண் கொட்டி உயர்த்தி, பத்து வீடு கட்டி விற்கிற திட்டம். மேற்பார்வைக்கு நிருஷன் என்ற இளம்பொடியன் மோட்டார் சைக்கிளில் வந்துபோவான். மேசன் வேலைக்கு என்னைப் பிடித்தான். ஒரு வருடத்து வேலை. நான் ஓம் என்றேன். என் வீடு இரண்டு மைல் தள்ளி, மேட்டில்.

ஒழுங்கைச் சனம் வாசிகசாலையில் கூடியது. மலகூடக் குழி பத்து வந்தால் கிணற்றுத் தண்ணீர் என்னாகும் என்று ஒருவர் கேட்டார். டிப்பர் ஒழுங்கையைத் தின்கிறது என்றார் இன்னொருவர். ஏரம்பு அண்ணைக்கு மாட்டுக் கவலை.

"என்ரை மாடு இனி எங்கை மேயிறது?"

"மாடி வீடுதானே கட்டுறாங்கள், மேலை ஏத்தி விடுங்கோ அண்ணை. காத்தும் வரும்!"

பின்னாலிருந்து ஒருவன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பத்மாக்கா சிரிக்கவில்லை. "வீட்டைக் கட்டட்டும், ஆரும் இருக்கத்தானே வேணும். வாய்க்காலை விட்டிட்டுக் கட்டச் சொல்லுங்கோ. அதொண்டை மட்டும் எழுதுங்கோ" என்றார். மனுவில் மற்றதெல்லாம் நீளமாக ஏறியது. வாய்க்கால் கடைசி வரியில் போனது.

மனுவோடு பத்மாக்கா ஐந்து அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினார். முழங்கால் வருத்தத்தோடு பஸ்ஸில். ஒரு கந்தோரில் ஆள் இல்லை, இன்னொன்றில் இது எங்கள் வேலையில்லை, வேறொன்றில் பிளானில் வாய்க்கால் இல்லையே என்றார்கள். கடைசியில் ஆவணி மாத வெயிலில் கந்தோரிலிருந்து ஒரு பிள்ளை பார்க்க வந்தாள். நல்ல பிள்ளை. தரை வெடித்துக் கிடந்தது. வெள்ளம் எங்கே என்று அவள் கேட்கவில்லை, எதுவரைக்கும் வரும் என்றுதான் கேட்டாள். பத்மாக்கா சுவரைக் காட்டினார். ஒழுங்கைச் சனத்தோடு நானும் நின்றேன்.

"எந்தெந்த வருசம் அம்மா?"

"இது நீ பூசின கையோடை வந்தது, என்ன சிமியோன்? இது கஜானி பெரிசான வருசம். இது நிசாப் புயல். இது பக்கத்து வீட்டுச் சயந்தன் பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதினைக்கு வள்ளத்திலை போனது..."

அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னாள்: "வாய்க்காலை விடச் சொல்லி நான் எழுதலாம் அம்மா. ஆனால் இதிலை வருசம் ஒண்டும் இல்லையே. நீங்கள் எல்லாரும் மனுக் குடுத்த ஆக்கள். இந்த ஒழுங்கைக்கு வெளியிலை, கண்ணாலை பார்த்த ஒராள் கையெழுத்து வைச்சால் போதும்."

ஏரம்பு அண்ணை என்னைக் காட்டினார். "உவன்தான் பூசினவன். ஒவ்வொரு கோட்டுக்கும் வந்து சண்டை பிடிச்சவன். உவனைக் கேளுங்கோ."

அந்தப் பிள்ளை படிவத்தை என் பக்கம் நீட்டினாள். ஒழுங்கை முகப்பில் நிருஷன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றான். எனக்கு எல்லா வருடமும் தெரியும். வேலைதான் நினைவில் வந்தது.

"எனக்கு உதொண்டும் ஞாபகமில்லைத் தங்கச்சி" என்றேன்.

ஏரம்பு அண்ணை காறித் துப்பினார். பத்மாக்கா உள்ளே போய் எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தார். எனக்கும் தந்தார், பனங்கட்டியோடு. "குடிச்சிட்டுப் போ" என்றார்.

புரட்டாதியில் சுற்றுமதில் எழும்பியது. வாய்க்கால் இருந்த இடத்தில் அத்திவாரம் வெட்டிக் கல் வைத்தது நான்தான். கீழே ஒரு துவாரமாவது விடுவோம் என்று நிருஷனிடம் கேட்டேன். "பாம்பு வருமெண்டு வீடு வாங்கிற ஆக்கள் ஏசுவினம் அண்ணை" என்றான். விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மதிலில் முட்டிய தண்ணீர் ஒழுங்கைக்குத் திரும்பியது. இரண்டாம் நாள் காலையில் பத்மாக்கா வீட்டுக்குள் கட்டில் மிதந்தது. சயந்தன் அவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டான். ஒரு கிழமை அங்கே சீமெந்துத் தரையில் படுத்தார். இருமல் பிடித்தது அங்கேதான். அது நெஞ்சில் இறங்கி, தை பிறந்து ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்தது.

இடையில் ஒரு நாள், தண்ணீர் வடிந்து அவர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, நான் மண்வெட்டியோடு போனேன். ஒருவரும் கூப்பிடவில்லை. கஜானி உரும்பிராயிலிருந்து வந்து நின்றாள். தன்னோடு வரச்சொல்லித் தாயோடு கதைத்துக் களைத்துப்போயிருந்தாள். பத்மாக்கா முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் போர்த்துக்கொண்டு இருந்தார். நான் அறைகளுக்குள் சேற்றை வழித்தேன். என் பூச்சு ஊறிப் பொருமியிருந்தது. ஒழுங்கைப் பக்கச் சுவரில் ஆறு கோடுகளும் சேற்றுக்குள். அவற்றுக்கு வெகு மேலே, யன்னலின் கீழ்விளிம்புக்கு நேரே, தண்ணீர் நின்ற கறை.

மத்தியானம் பிளேன்ரீ வந்தது. பனங்கட்டி வெள்ளத்தோடு போய்விட்டது. குடித்துவிட்டுக் கிளாசை வைக்கும்போது அவர் கூப்பிட்டார்.

"சிமியோன், கதவு நிலைக்கு மேலை அந்த ஆணி கிடக்கு. எடு."

எடுத்தேன்.

"எனக்குக் கை பலம் காணாது. கறை நிக்கிற இடத்திலை நீ கீறு. இந்த முறை வருசத்தைப் போடு. கீழை உன்ரை பேரையும் போட்டு விடு."