சித்தி இழுத்து வந்த குளம்

என் சித்தியின் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. டிரெய்லர் கோத்த பிக்கப், அதனால் மெதுவாகத்தான் போவாள். ஆனால் பின்னால் மூன்று வண்டிகள் சேர்ந்துவிட்டால் இன்டிகேட்டரைப் போட்டு ஓரம் கட்டி, கையை வெளியே நீட்டி எல்லோரையும் அனுப்பிவிட்டுத்தான் மறுபடி கிளம்புவாள். "பின்னாடி ஊர்வலம் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன மந்திரியா?" என்பாள்.

அவள் வேகம் போகாததற்குப் பயம் காரணம் இல்லை, டீசல்தான் காரணம். டிரெய்லரோடு எண்பதில் போனால் காற்றை முட்டித் தள்ளுவதற்கே பாதி டீசல் தீர்ந்துவிடும். "அறுபதைத் தாண்டினா டேங்க்ல யாரோ ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற மாதிரி இருக்கும்டா எனக்கு." ஒரே சீராக ஓட்டுவாள். தூரத்தில் சிக்னல் சிவப்பாகத் தெரிந்தால் அப்போதே காலை எடுத்துவிடுவாள். அவள் அளவுக்குக் குறைந்த டீசலில் சுமை இழுக்கிற ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. இதை அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். தன்னடக்கத்துக்கும் அவளுக்கும் ஆகாது.

எங்கள் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. அந்தக் கூச்சமின்மை சித்தியிடமிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

சித்தப்பா யாரோ ஒருவருடைய மீன் குஞ்சுப் பண்ணையில் வேலை பார்த்தவர். பேச்சு குறைவு, பயம் அதிகம். வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோ, கடைக்காரர்களின் ஜெனரேட்டர், ஒருமுறை ஒரு படகு என்று சித்தி மற்றவர்கள் சுமையை இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு இருவரும் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாகத் தொட்டி கட்டினார்கள். முதல் முறை பொரித்த குஞ்சுகள் பூஞ்சை பிடித்துச் செத்தன. அடுத்த முறை கரண்ட் போய், காற்று மோட்டார் நின்று, விடிவதற்குள் தொட்டி முழுக்க வெள்ளையாக மிதந்தது. மூன்றாவது முறைதான் விரல் நீளத்துக்கு வளர்ந்தன. தாய் மீன்களும் அதற்குள் தீர்ந்துவிட்டன. இருப்பது இந்தக் குஞ்சுகள் மட்டும்தான்.

மேட்டுப் பக்கத்தில் ஏரி குத்தகைக்கு எடுத்திருந்தவர், "இந்த ஒரு லோடு பார்ப்பேன். உயிரோட வந்தா வருஷா வருஷம் உங்ககிட்டதான். செத்து வந்தா என் வாசலுக்கு வர வேண்டாம்" என்று சொல்லியிருந்தார்.

அந்த லோடோடு ஒரு நாள் காலையில் கிளம்பினோம். டிரெய்லரில் மூடிபோட்ட பெரிய பிளாஸ்டிக் தொட்டி. பிக்கப்பின் பின்பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர், அதிலிருந்து தொட்டிக்குள் ஒரு ரப்பர் குழாய். நான் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக சிலிண்டர் முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அறுபதில் நிற்காமல் போனால் ஆக்சிஜன் போதும். அதற்கு மேல் கையிருப்பு இல்லை.

முதல் இறக்கத்தில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. சித்தி பிரேக் மிதித்தாள். தொட்டிக்குள் தண்ணீர் திமுதிமுவென்று முன்னால் ஓடிவந்து மோதியது. எங்கள் முதுகில் யாரோ குத்தியது போல இருந்தது. அப்புறம் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது; மாடு தலையை ஆட்டி மூக்கணாங்கயிற்றை இழுப்பது போல பிக்கப்பின் பின்பக்கத்தை இழுத்தது.

"பிரேக் போடு! பிரேக் போடு!" என்று கத்தினார் சித்தப்பா.

"வாயை மூடுங்க. போட்டா கவுந்துரும்."

காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டாள். வேகம் தானாகக் குறைந்தது. ஆட்டமும் மெல்ல அடங்கியது. சித்தப்பா திரும்பித் தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தொட்டியில தண்ணி ஏன் இப்படிப் புரளுது? நான் விளிம்பு வரைக்கும்தானே விட்டேன்?"

சித்தி சாலையையே பார்த்தாள்.

"கேக்குறேன்ல?"

"கொஞ்சம் இறக்கிட்டேன்."

"எவ்வளவு?"

"கால் பங்கு. ஏத்தத்துல இந்தப் பாரத்தை இழுத்தா டீசலைக் குடிச்சிருமேன்னு..."

"அடிப்பாவி!"

கட்டிலும் பீரோவும் போட்ட இடத்தில் கிடக்கும். அவற்றை இழுத்துப் பழகியவளுக்குப் பாரம் குறைந்தால் லாபம் என்றுதான் பட்டிருக்கிறது. அரைகுறையாக நிறைந்த தண்ணீர் தன் இஷ்டத்துக்கு ஓடும் சுமை என்பது அந்த இறக்கத்தில்தான் மூன்று பேருக்கும் உறைத்தது.

இப்போது நாற்பதுக்கு மேல் போக முடியவில்லை. கொஞ்சம் மிதித்தாலும் பின்னால் ஆடியது. "முள் எங்கடா நிக்குது?" என்று சித்தப்பா விடாமல் கேட்டார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வேகத்தில் ஏரிக்கு முன்பே சிலிண்டர் காலியாகிவிடும். சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம்.

"பத்தாது சித்தி" என்றேன்.

பின்னால் ஒரு லாரி, அதன் பின்னால் கார்கள். ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. சித்தியின் கை பழக்கத்தில் இன்டிகேட்டருக்குப் போனது.

"ஓரம் கட்டாதே" என்றார் சித்தப்பா. "ஒரு நிமிஷம் நின்னாலும் அது குஞ்சுங்க மூச்சு. இன்னிக்கு ஒரு நாளு காத்திருக்கட்டும்."

சித்தி கையை எடுத்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்து அவள் வழிவிடாமல் போனது அன்றுதான்.

பொறுமை இழந்த ஒரு கார் வளைவிலேயே எங்களை முந்தப் பார்த்தது. எதிரே பஸ். கார்க்காரன் எங்களுக்கு முன்னால் சரேலென்று நுழைந்தான். சித்திக்கு வேறு வழியில்லை, பிரேக்கை மிதித்தாள். தண்ணீர் மறுபடி பாய்ந்தது. டிரெய்லர் ஒரு பக்கமாகத் துள்ளி, அதன் சக்கரம் சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. தொட்டி சாய்ந்து நின்றது. பிடுங்கிக்கொண்ட ரப்பர் குழாய் பாம்பு போலச் சீறிக்கொண்டு துள்ளியது.

நான் குதித்து ஓடிக் குழாயைப் பிடித்துச் செருகுவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

லாரி டிரைவர் லுங்கியை மடித்துக் கட்டியபடி இறங்கி வந்தார். "எவ்வளவு நேரமா அடிக்கிறேன்? காதுல என்ன, பஞ்சா? நாலு பேருக்கு வழி விடத் தெரியாதவளுக்கு எதுக்கும்மா டிரெய்லரு?"

வேறொரு நாளாக இருந்தால் சித்தி அவரை வார்த்தையாலேயே உரித்துத் தொங்கவிட்டிருப்பாள்.

"தப்புதான் அண்ணே" என்றாள். "உள்ள உயிர் இருக்கு. அந்தப் பதட்டம்."

அவர் டயர் மேல் ஏறி மூடியைத் தூக்கிப் பார்த்தார். குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"மேல வந்து மூச்சு வாங்குதேம்மா!"

"தெரியுதுண்ணே."

"சரி, நில்லு. உனக்காக ஒண்ணும் இல்ல. நீ நகர்ந்தாதான் நான் போக முடியும்." லாரியிலிருந்து ஒரு பலகையை எடுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். கார்களில் இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே தோள் கொடுத்தார்கள். சித்தி முதல் கியரில் மெல்ல இழுத்தாள். டிரெய்லர் மேலே ஏறியதும் அகலமான ஓரத்தில் நிறுத்தி, எல்லோருக்கும் வழி விட்டாள்.

சித்தப்பா அவசரப்பட்டார். "கிளம்பு, கிளம்பு!"

"தொட்டி ரொம்பாம நான் வண்டியை எடுக்க மாட்டேன். இன்னொரு தடவை ஆடினா குஞ்சும் இல்ல, நாமளும் இல்ல."

சாலையோரம் வாய்க்கால் ஓடியது. சித்தப்பா அதில் கையை விட்டுப் பார்த்தார். "சூடு ஒத்துப்போகுது. ஆனா வயல் தண்ணி. மருந்து அடிச்சிருந்தா? ஊத்துன கையோட மொத்தமும் போயிரும்."

நான் குனிந்து பார்த்தேன். கரையோரப் பாசியில் தலைப்பிரட்டைகள் கறுப்பாக நெளிந்தன. மருந்துத் தண்ணீரில் முதலில் சாவது அவைதான். இதற்குப் பட்டம் தேவையில்லை, வாய்க்காலில் விளையாடி வளர்ந்தால் போதும்.

"தலைப்பிரட்டை இருக்கு சித்தப்பா. உயிரோட."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு பிக்கப்பில் கிடந்த வாளியை எடுத்து முக்கினார். முதல் வாளியை மட்டும் மெதுவாக ஊற்றிவிட்டு நின்றோம். ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம், போகாமல் லாரியை ஓரம் கட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த லாரிக்காரர் தன் வாளியையும் கொண்டுவந்தார். விளிம்பு தொட நிரப்பினோம். புதுத் தண்ணீர் விழ விழ, மேலே நின்ற குஞ்சுகளில் கொஞ்சம் கீழே இறங்கின.

தொட்டி நிறைந்ததும் டிரெய்லர் சொன்ன பேச்சு கேட்டது. ஆனால் பாரம் ஏறிவிட்டது. ஏற்றத்தில் இன்ஜின் முனகியது. சித்தி ஐம்பதில் பிடித்தாள், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. டீசல் முள் அடியில் படுத்திருந்தது. சிலிண்டர் முள் பூஜ்யத்தில். பின்னால் மறுபடி மூன்று வண்டிகள் சேர்ந்தன. சித்தி இன்டிகேட்டர் போட்டாள்.

"இப்பவுமா?" சித்தப்பா பல்லைக் கடித்தார்.

"இப்பத்தான். அன்பா அனுப்பிட்டா அவன் பாட்டுக்குப் போயிடுவான். முட்டிக்கிட்டு முன்னால வந்தான்னா நான் பிரேக் போடணும்."

ஏரிக்காரர் கரையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஏரித் தண்ணீரைத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கிவிட்டு, சித்தப்பா அகலக் குழாயைத் திறந்தார். முதலில் வந்தவை வெள்ளை வயிறுகள். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தி திருப்பவில்லை. வெள்ளைக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கூட்டம் சரிந்து வந்து, கலங்கலாகப் பரவி, ஆழத்துக்குள் மறைந்தது.

"செத்தது கொஞ்சம் இல்லையே" என்றார் ஏரிக்காரர்.

"இருக்கிறது அதை விட அதிகம்" என்றாள் சித்தி.

"போனது எல்லாம் பிழைச்சதுன்னு அர்த்தம் இல்லம்மா. வெயில் தாழட்டும். தீவனம் போடுவோம். குஞ்சுங்க எடுத்தா நம்ம பேச்சு பேச்சு. எடுக்கலைன்னா சொல்ல ஒண்ணுமில்ல."

வெயில் தாழும்வரை மூன்று பேரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். சித்தி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிறகு சித்தப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு சிட்டிகைத் தீவனத்தைத் தூவினார். அது அப்படியே மிதந்தது. காற்று அதைக் கரைக்குத் தள்ளியது. ஏரிக்காரர் செருப்பை மாட்டிக்கொள்ளக் குனிந்தார்.

சித்தப்பா ஏதோ முனகினார்.

"என்ன?" என்றாள் சித்தி.

"எடுக்குது."

"சத்தமாச் சொல்லுங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எடுக்குதுடி!"

"கத்தாதீங்கய்யா" என்றார் ஏரிக்காரர், செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் தண்ணீரில் இறங்கியபடி. "என் மீனுங்க பயந்துக்கும்."